நீர்வண்ணத்தில் ஒரு பட்டுக் காலணி

அலங்காரக் காலணியை நீர்வண்ணத்தில் தீட்டுவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று விளம்பர மரபு. 1950களில் நியூயார்க்கின் ஐ. மில்லர் காலணி நிறுவனத்துக்காக ஆண்டி வார்ஹோல் வரைந்தவை அதன் சிகரம். ஈரம் காயாத மைக்கோட்டை வேறொரு தாளில் ஒற்றியெடுத்த அந்தப் படங்களில் காலணி ஒரு கனவாகவே மிதக்கிறது. மற்றொன்று ஆவண மரபு. பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்காக அமெரிக்க அரசு 1935இல் தொடங்கிய ‘அமெரிக்க வடிவமைப்புத் தொகுப்பு’, பழைய கைவினைப் பொருள்களை அப்படியே தாளில் பதித்தது. 1942 வரை உருவானவற்றில் ஏறத்தாழ 18,000 படங்கள் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன; பெண்களின் காலணிகளும் அவற்றில் அடக்கம். முன்னதைக் கலையென்றும் பின்னதை வெறும் நகலென்றும் பிரிப்பது சரியல்ல. உள்ளதை உள்ளபடி காட்டுவதற்கும் கலைத்தேர்ச்சி வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பூவேலைப் பட்டுக் காலணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் இடது, வலது என்ற வேறுபாடின்றி ஒரே அச்சில் தைப்பார்கள். அணிந்தவரின் பாதமே பிறகு அதற்கு வடிவம் தந்தது. அந்த வளைவை ஓவியர் கோட்டிலேயே பிடிக்க வேண்டும். நீர்வண்ணத்தில் பட்டின் பளபளப்புக்கு வெள்ளை பூசுவதில்லை. தாளின் வெண்மையையே அங்கே விட்டுவைக்கிறார்கள். சுற்றிலும் மெல்லிய பூச்சு ஒன்று காய்ந்தபின் அடுத்தது ஏறுகிறது. எங்கே தீட்டக் கூடாது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டிய கலை இது. முனையில் நூல் பிரிந்த இடத்தில் தூரிகை சற்று உலர்ந்து ஓட, பட்டு அங்கே நைந்து தெரிகிறது.

இதற்குப் புகைப்படம் போதாதா என்பார்கள். அமெரிக்கத் தொகுப்பு உருவான காலத்தின் வண்ணப் புகைப்படம் செலவு மிக்கது, நிறம் நிலைக்காதது. இன்று அந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டாலும், பட்டின் மினுப்பையும் தோலின் மங்கலையும் நிழலில் அமிழ்ந்த தையலையும் ஒருசேரத் தெளிவாக்க எதை அழுத்துவது, எதை அடக்குவது என்று ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளில்தான் ஓவியர் இருக்கிறார். தொகுப்பு பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த பொருள்களையே நாடி, பூர்வகுடிகளின் மணிவேலைக் காலணிகளை விட்டுவிட்டது என்ற குறை நியாயமானது. ஆனால் அது தேர்வின் பிழை. தீட்டும் முறையின் பிழையாகாது.

ஆகவே இவ்வகை ஓவியத்தைச் சீர்தூக்க மூன்று கேள்விகள் போதும். காலணி தரையில் ஊன்றி நிற்கிறதா? துணியும் தோலும் வெவ்வேறாகக் கண்ணுக்குத் தெரிகின்றனவா? அணிந்து நடந்த தேய்மானம் அழகுக்காக மறைக்கப்படாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், நெய்தவர், தைத்தவர், அணிந்தவர் மூவருக்கும் அந்த ஓவியம் மரியாதை செய்திருக்கிறது.