வட்டாவும் பன்பாயும்: பேணப்படும் பொருள்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

நாளாந்த வாழ்விற் புழங்கும் பொருள்களுட் சில வாங்கப்பட்டு, தேய்ந்து, எறியப்படுகின்றன. வேறு சில தலைமுறை தலைமுறையாகப் பேணப்படுகின்றன. இவ்வேறுபாடு எதனால் ஏற்படுகின்றது என்ற வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. பொருளின் அழகும் வேலைப்பாடுமே காரணம் என்பது ஒன்று. உடையவரின் பற்றும் நினைவுமே காரணம் என்பது மற்றையது. முன்னையது பெறுமதியைப் பொருளினுள்ளே தேடுகின்றது. பின்னையது தனிமனித உள்ளத்தினுள்ளே தேடுகின்றது. பொருளை ஆக்கியவர் யார், அது யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தகைய கடப்பாட்டோடு செல்கின்றது என்பன இரண்டு விடைகளிலும் இடம்பெறுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வழங்கும் இரு பொருள்களை, அதாவது பித்தளை வட்டாவையும் பன்பாயையும், ஒருங்கு வைத்து இவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு வேண்டிய அடிப்படைக் கருத்தாக்கம் பிரதேச மக்களின் வழக்கிலேயே உண்டு. சொத்தை முதுசொம் என்றும் தேட்டம் என்றும் பிரித்து நோக்கும் மரபு இங்கு நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம்; ஒருவர் தம் வாழ்நாளில் உழைத்து ஈட்டியது தேட்டம். தாய்வழிக் குடிமுறையின் அடியாகத் தோன்றிய முக்குவர் வழமைச் சட்டத்தில் இப்பிரிவினை முக்கியமானது. அச்சட்டம் பற்றிய கிறிஸ்தோபர் பிறிற்றோவின் ஆங்கில நூல் 1876 இல் வெளிவந்தது. வழமைச் சட்டம் நீதிமன்ற வலுவை இழந்த பின்னரும், வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும் முறையில் அதன் சாயல் தொடர்ந்து காணப்படுகின்றது. இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது யாதெனில், இவ்விரண்டும் பொருளின் நிலையான குணங்கள் அல்ல என்பதே. சந்தையிற் பணங்கொடுத்து வாங்கிய தேட்டம் அடுத்த தலைமுறையில் முதுசொமாகின்றது. ஈகோர் கொப்பிற்றொவ் என்ற மானிடவியலாளர் 1986 இல், பொருள்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்றும், பண்டமாயிருத்தல் அவ்வரலாற்றின் ஒரு கட்டமே என்றும் எடுத்துக்காட்டினார். அவர் கூறியதை நமது கிராமத்து மூதாட்டியர் இரு சொற்களில் அடக்கியிருந்தனர் எனலாம்.

வட்டா இவ்வரலாற்றுக்குத் தக்க உதாரணமாகும். வெற்றிலை வைத்து நீட்டப்படும் இத்தட்டு வெறும் பாத்திரமன்று. திருமணத்துக்கு அழைப்பதும், வைத்தியரை அழைப்பதும், கூத்துப் பழக்க அண்ணாவியாரை அழைப்பதும் வெற்றிலை வைத்தே நிகழ்ந்தன. வட்டாவை நீட்டுதல் ஒரு கடப்பாட்டை ஏற்படுத்துதலாகும். வெற்றிலையை எடுத்தல் அதனை ஏற்றுக்கொள்ளுதலாகும். எனவே வட்டாவின் மதிப்பு அதன் பித்தளையில் மட்டும் அமையவில்லை. அது ஏற்படுத்திய உறவுகளிலும் அமைந்திருந்தது. ஆனால் இவ்வுறவுகள் சமத்துவமானவை அல்ல. படுவான்கரையின் வயல்களை உடைமையாகக் கொண்ட போடியாரின் திண்ணையில் வட்டா அந்தஸ்தின் குறியாயிற்று. வெற்றிலையை நின்றவாறு பெற்றவரும் இருந்தவாறு பெற்றவரும் ஒருவரல்லர். முல்லைக்காரனின் உழைப்பு நெல்லாகி, அந்நெல் பணமாகி, அப்பணம் வட்டாவாகித் திண்ணைக்கு வந்தது என்பதை அதன் பளபளப்பு மறைத்தது.

இதற்கு மறுதலையானது பன்பாய். களப்போரச் சதுப்புகளிலும் குளக்கரைகளிலும் வளரும் பன்னை வெட்டி, வெயிலிற் காயவிட்டு, சாயமிட்டு, தறி எதுவுமின்றித் தரையிற் குந்தியிருந்து கையாலேயே பாய் இழைக்கப்படுகின்றது. முஸ்லிம், தமிழ்ப் பெண்கள் இத்தொழிலை வீட்டு வேலைகளின் இடைவெளிகளிற் செய்து வந்துள்ளனர். குழந்தை பிறப்பதும் நோயாளி கிடப்பதும் விருந்தினர் அமர்வதும் இறந்தவர் கிடத்தப்படுவதும் பாயிலேயே. வாழ்க்கையோடு இத்துணை நெருங்கிய பொருள் வேறில்லை. வேலைப்பாட்டிலும் அது வட்டாவுக்குக் குறைந்ததன்று. இருந்தும் வட்டா முதுசொமாகப் பேணப்பட, பாய் கிழிந்ததும் எறியப்படுகின்றது.

பன் உக்கும், பித்தளை உக்காது என்பது உடனடியான விடை. அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. வேறு நாடுகளில் நாரும் நூலும் நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டுள்ளன. உருக்கினாலும் எடைக்கு விலை போகும் உலோகமாகையால், பித்தளை தன் செய்நேர்த்தி அழிந்த பின்னரும் பரிமாற்றப் பெறுமதியைக் கொண்டுள்ளது. பாயிலோ உழைப்பை நீக்கினால் எஞ்சுவது புல்லே. அவ்வுழைப்பும், வீட்டிலிருந்த பெண்ணின் உழைப்பாதலின், உழைப்பாகவே கணிக்கப்படவில்லை. ஆகவே ஒரு பொருள் பேணத்தக்கதா என்ற தீர்மானத்தில் அழகுணர்ச்சிக்கு முன்னரே உடைமை உறவும் பால் அடிப்படையிலான வேலைப் பிரிவினையும் தொழிற்படுகின்றன. இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் மையக் கருத்தாகும்.

முற்போக்கு வட்டாரங்களில், பொருள்மீது பற்றுவைத்தல் யாவும் 'பண்ட மாயை' என ஒரே சொல்லால் ஒதுக்கப்படுவதுண்டு. இது மார்க்ஸை மேலோட்டமாக வாசித்ததன் விளைவாகும். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் அவர் விளக்கியது, மனிதருக்கிடையிலான சமூக உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிப்பதையே. தாய் தந்த குத்துவிளக்கை மகள் போற்றுவதையன்று. அந்நூலில் துணிக்குச் சமமாக வைக்கப்படும் மேலங்கி வெறும் உதாரணமன்று. 1852 பெப்ரவரியில் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், மேலங்கி அடைவிலிருப்பதால் வெளியே செல்ல முடியவில்லை என மார்க்ஸ் குறிப்பிட்டார். பீற்றர் ஸ்ராலிபிறாஸ் 1998 இல் எழுதிய கட்டுரையொன்று இதனை விரிவாக ஆராய்ந்தது. உடுத்திருப்பவருக்கு மேலங்கி குளிர்காப்பும் மதிப்பும் நினைவும் ஆகும். அடைவு கடைக்காரருக்கு அது ஒரு தொகை மட்டுமே. தொழிலாளர் குடும்பத்தின் பொருள்கள் இவ்விரு நிலைகளுக்கிடையே ஓயாது அலைகின்றன.

வாவிப் பிரதேச மக்களுக்கு இவ்வலைச்சல் நன்கு தெரிந்ததே. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி, 2009 வரை நீடித்த யுத்தத்தின் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26 இல் எழுவான்கரையை அழித்த ஆழிப்பேரலை, 2022 இன் பொருளாதார நெருக்கடி ஆகிய ஒவ்வொன்றும் வீட்டுப் பொருள்களைத் தராசின்முன் நிறுத்திய நிகழ்வுகளாகும். அடைவு கடையில் தாலிக்கொடியின் நினைவுக்கு விலையில்லை. பழைய பித்தளை வாங்குவோனிடம் வட்டாவின் வெற்றிலைக்கு விலையில்லை. பாய்க்கோ அங்கு எவ்விலையுமே இல்லை.

வாங்கத்தக்கது எது என்பதும் இவ்வாறே சமூக வரலாற்றால் நிர்ணயிக்கப்படுவது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர்க் கைத்தறிக்குச் சந்தையை அளித்தது. 1977 இன் திறந்த பொருளாதாரம் மலிவான துணியைக் கொணர்ந்து மருதமுனை போன்ற நெசவூர்களை நெருக்கடிக்குள்ளாக்கியது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பித்தளையினதும் பன்னினதும் இடத்தைப் பிடித்தன. மலிவான பொருளை வாங்கிய ஏழையைச் 'சுவை கெட்டவர்' எனப் பழித்தல் வர்க்கப் பார்வையற்ற விமர்சனமாகும். வருமானமே அவருடைய சுவையின் எல்லையை வகுத்தது.

அன்றாடப் புழக்கத்திலிருந்து நீங்கிய இப்பொருள்கள் இன்று 'பாரம்பரியம்' என்ற பெயரிற் சேகரிப்புக்கு உள்ளாகின்றன. உல்லாச விடுதியின் வரவேற்பறையில் வட்டா பூத்தட்டாகின்றது. பாயின் துண்டு சுவரலங்காரமாகின்றது. வால்ற்றர் பெஞ்சமின், சேகரிப்பாளர் பொருள்களைப் பயன்பாட்டின் சுமையிலிருந்து விடுவிக்கின்றார் என்றும், அவற்றின் பண்டத் தன்மையைக் களைய முயல்கின்றார் என்றும் கருதினார். இக்கருத்தில் ஆழமுண்டு. எனினும் நம் பிரதேசத்தில், பயன்பாட்டிலிருந்து விடுபடும் பொருள் பெரும்பாலும் இன்னும் உயர்ந்த விலையிற் பண்டமாகவே மீள்கின்றது. விடுபட்டுப் போவது அதனை இழைத்தவரின் பெயரும் கூலியுமே.

ஆதலால் சேகரிப்பையே நிராகரிக்க வேண்டுமென்பதன்று நமது முடிபு. வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) பிரதேச வழக்குகளைத் திரட்டியமையாலேயே பல சொற்கள் நமக்கு எஞ்சின. நீலாவணனின் மறைவுக்குப் பின் 1982 இல் வெளிவந்த 'வேளாண்மை' காவியம் உழவர் வாழ்வை அவர்தம் மொழியிற் பதிந்தமையாலேயே அவ்வாழ்வின் பொருள்களும் உயிர்பெற்று நிற்கின்றன. சொல்லுக்குச் செய்யப்பட்ட இப்பணி பொருளுக்கும் செய்யப்படல் வேண்டும். நூதனசாலைகளும் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒரு வட்டாவைப் பதிவு செய்யும்போது அதன் காலத்தோடு அது நின்ற திண்ணையையும் அத்திண்ணையை ஏறாதவரையும் பதிதல் வேண்டும். ஒரு பாயைப் பதியும்போது அதன் நீள அகலத்தோடு, பன் வெட்டிய களம், இழைத்த நாட்கள், பெற்ற கூலி ஆகியவற்றையும் பதிதல் வேண்டும். இழைக்கும் பெண்கள் இன்னும் வாழ்கின்றனர். பாய் உக்கிவிடும், அதனைப் பற்றிய அவர்களது அறிவும் அவர்களோடு உக்கிவிடாதிருக்க வேண்டுமாயின், அப்பணி இத்தலைமுறையிலேயே தொடங்கப்படல் வேண்டும்.