வாரம், நாள், மணி, நிமிடம்: சினைக்குதிரையின் குறிப்பறிவது எப்படி?

அமெரிக்காவில் மினியேச்சர் குதிரை வளர்ப்பவர்களுக்கு வசந்த காலம் என்றால் கண்விழிக்கும் காலம். லாயத்தில் ஒரு குதிரை நிறைசினையாக நிற்கும். வீட்டுக்குள் ஒருவர் கேமராத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். குட்டி இன்று வருமா, பத்து நாள் கழித்து வருமா என்று காலண்டரால் சொல்ல முடியாது. குதிரையின் உடம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே வரும். அதைக் கவனிக்கப் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அலுப்பதில்லை. ஓர் உயிர் இன்னோர் உயிரை வெளியே அனுப்பத் தன்னைத் தயார் செய்துகொள்வதை, வாரக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அது.

பார்ப்பதற்கு அடிப்படை விதி ஒன்றுதான். எந்த அறிகுறியும் தனியாக நின்று நாள் குறிக்காது. நேற்றைய குதிரையோடு இன்றைய குதிரையை ஒப்பிட வேண்டும். முதலில் மாற்றங்கள் வாரக்கணக்கில் வரும், பிறகு நாள்கணக்கில், அப்புறம் மணிக்கணக்கில். பனிக்குடம் உடைந்துவிட்டால் எல்லாமே நிமிடக்கணக்கு. இந்த அளவுகள் சுருங்கச் சுருங்க நம் கவனம் கூர்மையாக வேண்டும்.

சின்ன உடம்பின் தனிச் சிக்கல்கள்

மினியேச்சர் குதிரை மட்டக்குதிரையைவிடவும் சிறியது. 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரிமயிர் முடியும் இடத்தில் அளந்தால் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பெரியவர் ஒருவரின் இடுப்புக்குக் கீழே நின்றுவிடும். பிறக்கும் குட்டி ஏறத்தாழ பத்து கிலோ இருக்கும்.

உருவம் சிறுத்ததால் பேறு எளிதாகிவிடவில்லை. குட்டியின் நெற்றி புடைத்து, தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருப்பது இந்த இனத்தில் அதிகம். தாயின் இடுப்பெலும்பு வழியோ குறுகலானது. ஆகவே குட்டி சிக்கிக்கொள்ளும் ஆபத்து பெரிய குதிரைகளைவிட இங்கே கூடுதல். ஈனும் நேரத்தில் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று பண்ணையாளர்கள் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். குறிப்பறிவது ரசனைதான், அந்த ரசனைதான் தாயையும் குட்டியையும் காப்பாற்றுகிறது.

வாரங்கள்: வயிறும் மடியும்

குதிரைக்குச் சினைக்காலம் சராசரி 340 நாள். மினியேச்சர் குதிரைகள் பல அதற்கு முன்பே, 320 நாளைத் தாண்டியதுமே ஈன்றுவிடும். ஆகவே பொலிக்குதிரையோடு சேர்ந்த தேதி தெரிந்திருந்தால் 300ஆவது நாளிலிருந்தே தினமும் பார்க்கத் தொடங்கலாம். தேதி தெரியாமல் சினையாக விலைக்கு வாங்கிய குதிரை என்றால் உடம்பை மட்டுமே நம்ப வேண்டும்.

முதலில் குதிரையின் பின்னால், பாதுகாப்பான தூரத்தில் நின்று வயிற்றைப் பாருங்கள். சினை முற்றும் காலத்தில் வயிறு இரு பக்கமும் அகன்று, பொதி ஏற்றியதுபோல் தெரியும். நாள் நெருங்கும்போது பக்கவாட்டு அகலம் குறைந்து, கனம் முழுவதும் அடிவயிற்றுக்கு இறங்கிக் கூராகத் தொங்கும். குட்டி இடம் மாறியிருக்கிறது என்று பொருள். மினியேச்சர் குதிரைகளுக்குக் குளிர்கால ரோமம் அடர்த்தி. கண்ணுக்குத் தெரியாத மாற்றம் கைக்குத் தெரியும் என்பதால் தடவிப் பார்த்துப் பழகுவது நல்லது. உள்ளங்கையை அடிவயிற்றில் வைத்துக் காத்திருந்தால் குட்டி உதைப்பதும் தெரியும்.

அடுத்து மடி. ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு மடி விடத் தொடங்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரவெல்லாம் கொட்டிலில் நின்ற குதிரைக்குக் காலையில் மடி நிறைந்திருக்கும். பகலில் வெளியே நடமாடினால் மாலைக்குள் வற்றிவிடும். இந்த ஏற்றமும் இறக்கமும் பல நாள் நடக்கும். ஒரு நாள் மாலையிலும் மடி இறங்காமல் அப்படியே நிற்கும். வாரக்கணக்கு முடிந்து நாள்கணக்கு தொடங்கிவிட்டது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் பார்ப்பவருக்குத்தான் இது பிடிபடும்.

தலையீற்றுக் குதிரைகள் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. மடியே இல்லாதது போல் இருந்துவிட்டு, குட்டி பிறக்கும் இரவில்தான் சிலவற்றுக்குப் பால் இறங்கும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே மேய்ச்சல் நிலங்களில் டால் ஃபெஸ்க்யூ என்ற புல் ஏராளம். அதற்குள் வாழும் ஒரு பூஞ்சை சினைக்குதிரையின் பால் சுரப்பைத் தடுக்கும், சினைக்காலத்தையும் நீட்டும். அந்தப் புல்லைத் தின்னும் குதிரையிடம் மடியை நம்ப முடியாது. கடைசி இரண்டு மூன்று மாதங்களுக்கு வேறு தீவனத்துக்கு மாற்றிவிடுவது வழக்கம்.

மாறாக, எட்டாம் ஒன்பதாம் மாதத்திலேயே மடி பருத்தாலோ பால் கசிந்தாலோ மகிழக் கூடாது. நஞ்சுக்கொடியில் தொற்று இருக்கலாம். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

நாட்கள்: பாலின் நிறம், வாலின் தளர்வு

கடைசி வாரத்தில் மடியோடு காம்புகளும் நிறைந்து, அடியில் அகன்று நிற்கும். இப்போது பாலே செய்தி சொல்லத் தொடங்கும். சுத்தமான கையால் சில சொட்டுகள் மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும். பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். அடுத்து கலங்கி வெளுக்கும். முடிவில் கெட்டியாக, விரலில் ஒட்டும் சீம்பாலாகிவிடும்.

நிறத்தோடு நிற்காமல் அளந்தும் பார்க்கலாம். குட்டி வரும் நேரம் நெருங்க நெருங்கப் பாலில் கால்சியம் கூடும், பி.எச். அளவு குறையும். தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் சோதிக்கும் பட்டைகளே இதற்குப் போதும். கால்சியம் 200 பிபிஎம் அளவைத் தொட்டால் ஓரிரு நாளில் குட்டியை எதிர்பார்க்கலாம். பி.எச். 6.4க்கு இறங்கினால் அன்றிரவே விழித்திருப்பது நல்லது. 7க்கு மேலேயே நின்றால் பெரும்பாலும் தைரியமாகத் தூங்கலாம். இந்தச் சோதனையின் உண்மையான பலம் அதுதான். ‘இன்றிரவு இல்லை’ என்பதை அது ‘இன்றிரவுதான்’ என்பதைவிட உறுதியாகச் சொல்லும்.

காம்பின் நுனியில் சீம்பால் கசிந்து காய்ந்து, மஞ்சள் நிற மணிபோல் ஒட்டியிருக்கும். பண்ணையாளர்கள் இதை மெழுகு என்கிறார்கள். மெழுகு கண்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் குட்டி. ஆனால் மெழுகே வைக்காமல் ஈனும் குதிரைகளும் உண்டு, வைத்த பிறகு ஒரு வாரம் இழுத்தடிப்பவையும் உண்டு. மெழுகு உதிர்ந்து பால் தாரையாக ஒழுகத் தொடங்கினால் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றில் கிடைப்பதில்லை. பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கிறது. அது மண்ணில் வடிந்துவிட்டால் குட்டிக்கு வேறு ஏற்பாடு தேவைப்படும்.

இனி வாலடிக்கு வாருங்கள். வால் தொடங்கும் இடத்தின் இரு பக்கத் தசைகள் வழக்கமாக இறுகியிருக்கும். நாள் நெருங்கினால் அவை தளர்ந்து, தொட்டால் கொழகொழவென்று அசையும். வாலடி எலும்பு மேலெழுந்து தெரியும். வாலைத் தூக்கினால் குதிரை முன்போல் எதிர்க்காது. பிறப்புறுப்பு நீண்டு, மடிப்புகள் தளர்ந்து தொங்கும். அதன் உட்புறம் வெளிர் ரோஜா நிறத்திலிருந்து அடர்சிவப்புக்கு மாறுவதையும் பல வளர்ப்பாளர்கள் கடைசி நாளுக்கான அறிகுறியாகக் கொள்கிறார்கள்.

இந்த நாட்களில் தீவனத் தொட்டியையும் பார்க்க வேண்டும். மினியேச்சர் குதிரை நிறைசினையில் ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தால், உடம்பின் கொழுப்பு ரத்தத்தில் கட்டுமீறிக் கலந்து ஈரலைக் கெடுத்துவிடலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. குட்டி போடப்போகிறது, அதனால் தின்னவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

மணிகள்: இரவின் அமைதி

குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். திறந்த வெளியில் வேட்டை விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனம் இது. பக்கத்தில் சந்தடி இருந்தால் முதல் கட்ட வலியை நிறுத்திவைத்து, ஆள் நகர்ந்த பிறகு தொடரும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆகவே கொட்டிலுக்குள் அடிக்கடி போய்ப் பார்ப்பவரைவிட, கேமரா வழியாகத் தள்ளியிருந்து பார்ப்பவர்தான் அதிகம் காண்பார். அடியில் மரத்தூளைவிட வைக்கோல் நல்லது. ஈரமான குட்டியின் மூக்கிலும் வாயிலும் ஒட்டாது.

முதல் கட்டம் ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை போகலாம். குதிரை நிலைகொள்ளாமல் சுற்றும். முன்காலால் வைக்கோலைப் பறிக்கும். திரும்பித் தன் விலாவைப் பார்க்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக லத்தி போடும், சிறுநீர் கழிக்கும். கழுத்திலும் விலாவிலும் வியர்வை பூக்கும். படுக்கும், எழும், மறுபடி படுத்துப் புரளும்.

இந்தப் புரளலை வெறும் வேதனையாக மட்டும் பார்க்க வேண்டாம். கருப்பைக்குள் மல்லாந்த நிலையில் இருந்த குட்டி, இந்த நேரத்தில்தான் புரண்டு, முன்கால்களை நீட்டி வெளிவரும் நிலைக்கு வருகிறது. தாய் எழுவதும் படுப்பதும் அதற்கு உதவுகின்றன. வெளியே தெரியும் தவிப்புக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்தால், பார்க்கும் நம் பதற்றமும் அடங்கும்.

நிமிடங்கள்: கடிகாரம் பார்க்கும் நேரம்

பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டியதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடு கன்று போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கேதான் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பசுவுக்கு இந்தக் கட்டம் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். குதிரைக்கு இருபது முப்பது நிமிடம்தான். பத்துப் பதினைந்து நிமிடம் முக்கியும் முன்னேற்றம் இல்லை என்றால் மருத்துவர் வந்தாக வேண்டும். அவருடைய எண் முன்கூட்டியே சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

வெளியே முதலில் வெண்மையான, பளபளப்பான சவ்வு தெரிய வேண்டும். அதற்குள் ஒரு குளம்பு முன்னும் மற்றொன்று சற்றுப் பின்னுமாக, உள்ளங்கால் தரையைப் பார்த்தபடி வரும். முழங்கால்மேல் மூக்கு படிந்திருக்கும். ஒரு கால் பிந்தி வருவதால்தான் இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் இடுப்பு வழியில் நுழைந்து அடைத்துக்கொள்வதில்லை. வெண்சவ்வுக்குப் பதில் வெல்வெட் போன்ற சிவப்புப் பை தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது, குட்டிக்குப் பிராணவாயு போகவில்லை என்று பொருள். யாருக்கும் காத்திராமல் பையைக் கத்தரித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தால் நம் வேலை கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான். குட்டியின் பின்கால்கள் இன்னும் உள்ளே இருக்கத் தாய் சற்று நேரம் படுத்து இளைப்பாறும். அவசரப்பட்டுத் தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம். தாய் எழும்போது தானே அறும். குட்டியின் குளம்புகளைப் பாருங்கள். நுனியில் ரப்பர் போன்ற மிருதுவான இழைகள் தொங்கும். கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் இருக்க இயற்கை போட்ட உறை அது. நடக்கத் தொடங்கியதும் தேய்ந்து மறைந்துவிடும் என்பதால் பிறந்த அன்றே பார்த்தால்தான் உண்டு. தாய் திரும்பி, தொண்டைக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில் கனைப்பதையும் தவறவிடாதீர்கள்.

பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்கை நினைவில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழுந்த நஞ்சுக்கொடியைப் புதைத்துவிடாமல் விரித்துப் பார்ப்பது அவசியம். கால்சட்டையின் இரண்டு கால்கள்போலப் பிரிந்திருக்கும் அதன் நுனி எதுவும் கிழிந்து உள்ளே தங்கியிருந்தால், தாய்க்கு நச்சேறிக் குளம்புவரை பாதிக்கும்.

குறிப்பேடு

மடி விட்ட நாள், மாலையிலும் இறங்காத நாள், பாலின் நிறம், பி.எச். அளவு, வாலடியின் தளர்வு, மெழுகு வைத்தது, வைக்காதது, வலி தொடங்கிய மணி. எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவையுங்கள். குதிரைக்குக் குதிரை வழி வேறுபடும். ஆனால் ஒரே குதிரை அடுத்தடுத்த ஈற்றுகளில் பெரும்பாலும் தன் பழைய வழியிலேயே போகும். மெழுகு வைக்காத குதிரை அடுத்த முறையும் வைக்காமல் இருக்கலாம். ஆகவே எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் குதிரைக்கு அதன் சொந்தக் குறிப்பேடே நல்ல வழிகாட்டி. அது கைமாறும் நாளில் பதிவுச் சான்றிதழோடு இந்த ஏட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த வசந்தத்தில் அதன் பக்கத்தில் கண்விழிக்கப்போகிறவருக்கு அது தேவைப்படும்.