யாரால்?

“நோயாளிகள் பாதுகாப்பாக வெளியேற்றப்பட வேண்டும். உடனடியாகத் தகவல் தெரிவிக்கப்பட வேண்டும். தீ பரவாமல் தடுக்கப்பட வேண்டும்.” மருத்துவமனைப் பணியாளர்களுக்கான அவசரகால நடைமுறைத் தாள்களைத் தமிழில் படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானது. செயப்பாட்டு வினையில் செய்பவரை ‘ஆல்’ என்ற உருபோடு சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ‘கண்ணனால் பாடம் படிக்கப்பட்டது.’ இந்தத் தாள்களில் அந்தக் கண்ணன் இல்லை. வெளியேற்றப்பட வேண்டும் என்றால், யாரால்? இரவு இரண்டு மணிக்கு, எத்தனை பேரால்?

இதை வெறும் மொழிபெயர்ப்புக் குறையாக நான் பார்க்கவில்லை. செய்கிறவரின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குப் பின்னால் ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதி யாருக்கானது என்பதைத்தான் இங்கே வாசித்துப் பார்க்க முயல்கிறேன்.

செய்பவரைச் சொல்லும் நடைமுறைகள் மருத்துவத்தில் இல்லாமலில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றைக் குறைந்தது செவிலியரும் மயக்கவியல் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதயம் நின்றுபோனால் ஒலிக்கும் ‘கோட் புளூ’வும் அப்படித்தான். மார்பை அழுத்துபவர் ஒருவர், மூச்சுக்குழாயைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், மருந்து கொடுப்பவர் ஒருவர், நேரத்தைக் குறித்துக்கொள்பவர் ஒருவர், இவர்களை வழிநடத்தும் மருத்துவர் ஒருவர். ஆளுக்கொரு இடம், இடத்துக்கொரு ஆள். தீயைக் குறிக்கும் ‘கோட் ரெட்’ வரும்போது மட்டும் வாக்கியங்கள் ஆளை இழந்துவிடுகின்றன. ‘அனைத்துப் பணியாளர்களும்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மருத்துவர் தலைமையேற்கும் அவசரத்துக்கு இலக்கணம் இருக்கிறது. மருத்துவர் வீட்டிலோ பணி அறையிலோ இருக்கும் நேரத்தில், வார்டில் இருப்பவர் தலையில் விழும் அவசரத்துக்கு இல்லை.

அந்த ‘அனைவரும்’ யார் என்று எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்க்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், தறியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் போன வீடுகளின் பெண்கள் வெளிவேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு மருத்துவமனையில் வார்டு வேலை, துப்புரவு வேலை. பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலமாக. எங்கள் தெரு அக்கா ஒருவர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்த அச்சிட்ட தாளை என்னிடம் காட்டினார். தீ, நிலநடுக்கம், குழந்தை கடத்தல், வன்முறை என்று வண்ண வண்ணக் கட்டங்கள். “நீ படிச்சவதானே, இதுல நான் எங்கம்மா இருக்கேன்?” என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். மருத்துவக் கண்காணிப்பாளர் இருந்தார், பாதுகாப்பு அலுவலர் இருந்தார், செவிலியர் கண்காணிப்பாளர் ஓரிடத்தில் வந்தார். ஒத்திகை நடந்ததா என்று கேட்டேன். காலை பதினோரு மணிக்கு நடந்ததாம். போட்டோ எடுத்தார்களாம். இரவுப் பணி முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை.

பட்டு நெசவு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவியோ மகளோதான். நெசவாளி என்று கேட்டால் ஆண் பெயரைத்தான் சொல்வார்கள். தறியிலிருந்து மருத்துவமனைக்குப் போன பெண், அங்கேயும் பெயர் எழுதப்படாத பக்கத்தில்தான் உட்கார்கிறாள்.

கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் நியதி. இரவில் அரசு மருத்துவமனை வார்டுக்குள் போயிருப்பவர்களுக்கு இது எவ்வளவு தூரத்துக் கனவு என்பது தெரியும். எழுந்து நடக்க முடியாத ஒருவரைக் கட்டிலிலிருந்து இறக்கிப் படிக்கட்டு வரை கொண்டுபோக இரண்டு பேராவது வேண்டும். முப்பது கட்டில் உள்ள வார்டில் இரண்டு செவிலியர் இருந்தால், ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் நகர்த்த முடியும். மீதி இருபத்தொன்பது பேரை விட்டுவிட்டுத்தான் அவரைத் தூக்க வேண்டும். முதலில் மீட்பு, பிறகு எச்சரிக்கை, பிறகு கதவை மூடிப் புகையை அடைத்தல், பிறகு அணைத்தல் அல்லது வெளியேறுதல் என்று ‘ரேஸ்’ என்ற ஆங்கிலச் சுருக்கெழுத்தில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கதவை மூடும் நேரத்தில் உள்ளே யார் மிச்சமிருக்கிறார்கள் என்பதை முடிவு செய்யப்போவது அந்த இரண்டு பெண்கள். அந்த முடிவை அவர்கள் எப்படி எடுக்க வேண்டும், எடுத்தால் அவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்பது பற்றி ஒரு வரிகூட நான் பார்த்த தாள்களில் இல்லை.

2011 டிசம்பர் 9 அதிகாலையில் தெற்குக் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் இதுதான் நடந்தது. வாகனம் நிறுத்த அனுமதி வாங்கிய அடித்தளத்தில் தீப்பற்றும் பொருட்களைக் குவித்திருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய புகை மாடிகளுக்கு ஏறியது. அக்கம்பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள் உதவிக்கு ஓடி வந்தபோது காவலாளிகள் திருப்பி அனுப்பினார்கள். தீயணைப்புத் துறைக்குத் தகவல் தாமதமாகப் போனது. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மூச்சுத் திணறி. பெண்கள் வார்டில் பணியிலிருந்த ரெம்யா ராஜப்பனும் பி.கே. வினீதாவும் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துப் பெண்கள், இருபதுகளில் இருந்தவர்கள். எட்டு நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்பதாவது நோயாளிக்காகத் திரும்பிப் போனவர்கள் வரவில்லை.

அவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் தேவதை, தியாகம், தாய்மை என்ற சொற்கள் நிறைய வந்தன. அவர்கள் செய்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டு பேர் பத்து நிமிடத்தில் எட்டுப் பேரை இழுத்து வந்தார்களா, அரை மணி நேரத்திலா, எச்சரிக்கை மணி அடித்ததா, ஆளுக்கொரு புகைமுகமூடி இருந்ததா என்று எந்தப் புகழஞ்சலியும் கேட்கவில்லை. அவர்கள் நடைமுறையைப் பின்பற்றி இறக்கவில்லை. நடைமுறை இல்லாத இடத்தைத் தங்கள் உடலால் நிரப்பினார்கள். தியாகம் என்று சொன்னவுடன் அந்த இடம் காலியாக இருந்ததே மறந்துவிடுகிறது. (ஆம்ரியின் இயக்குநர்கள் கைது செய்யப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது எல்லா இடத்திலும் நடப்பதில்லை.)

பிழைத்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது? மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் 2021 ஜனவரி 9 நள்ளிரவு கடந்து, பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்தது. இருந்த 17 குழந்தைகளில் ஏழு பேரைக் காப்பாற்றினார்கள். 10 குழந்தைகள் இறந்தன. அடுத்த மாதம் இரண்டு செவிலியர்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அதே ஆண்டு நவம்பர் 6 அன்று அகமத்நகர் மாவட்ட மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து 11 கோவிட் நோயாளிகள் இறந்தார்கள். சில நாட்களுக்குள் ஒரு பெண் மருத்துவரும் மூன்று செவிலியரும் கைதானார்கள். அவர்களில் யாரிடமும் தவறே இல்லை என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேள்வி வேறு. கம்பி இழுத்தவர், ஒப்பந்தம் கொடுத்தவர், தீத் தணிக்கைக்குப் பணம் ஒதுக்காதவர் எல்லோரையும் தாண்டி, கைவிலங்கு எப்படி முதலில் இரவுப் பணியில் இருந்த பெண்களைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது?

நடைமுறைத் தாளில் காணாமல்போன அந்த ‘ஆல்’ வழக்குப் பதிவில் திரும்பி வந்துவிடுகிறது: பணியிலிருந்தவர்களின் அலட்சியத்தால். நடப்பதற்கு முன்னால் யாருடைய பெயரும் தேவைப்படவில்லை. நடந்த பிறகு பெயர், வயது, பணி நேரம், தகப்பன் பெயர் எல்லாம் தேவைப்படுகின்றன. ஆம்ரியில் இறந்த இருவரும் உயிரோடு வெளியே வந்திருந்தால், ஒன்பதாவது நோயாளியை ஏன் விட்டீர்கள் என்று அவர்களிடம் கேட்டிருப்பார்களோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழில் இதற்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. ‘நர்ஸ்’ என்பதற்கு நாம் எடுத்த சொல் ‘செவிலியர்’. சங்க அகப்பாடல்களின் செவிலி, தலைவியை வளர்த்த தாய். உடன்போக்கில் போன மகளைத் தேடிப் பாலை வழியில் அலைகிறவள். அழகான சொல்தான். ஆனால் தாய்க்குப் பணி நேரம் கிடையாது, ஆள் விகிதம் கிடையாது. பிள்ளையை விட்டு ஓடிவந்த தாய் என்ற பழியிலிருந்து தப்ப முடியாது. தொழிலாளி என்றால் பாதுகாப்புக் கருவி கேட்கலாம். தாய் கேட்டால் அசிங்கமாகிவிடும்.

வன்முறைக்கான நடைமுறையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. ஏனென்றால் அங்கே ஆபத்தில் இருப்பதே பணியாளர்தான். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தன் பணியிடத்திலேயே தாக்கப்பட்டார். 2015 மே மாதம் இறக்கும்வரை 42 ஆண்டுகள் அதே மருத்துவமனைச் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். தாக்கியவனுக்குக் கொள்ளைக்கும் கொலைமுயற்சிக்கும்தான் தண்டனை. பாலியல் வன்முறைக்கு இல்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், தொடர்பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன முதுநிலை மருத்துவ மாணவி வன்புணர்ந்து கொல்லப்பட்டார். ஓய்வறை என்ற ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் என்று அன்றைக்குப் பேசாத பெண் மருத்துவர் இல்லை. ஒரு வாரத்தில் மத்திய அரசு, பணியாளர்மீது வன்முறை நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். செய்ய வேண்டியவர் யார், எத்தனை மணிக்குள் என்று இருக்கிறது. எழுத முடியாது என்பதில்லை, எழுதினால் எழுதலாம். அதற்கு நாடு முழுக்க மருத்துவர்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

அதே நாட்களில் மேற்கு வங்க அரசு தன் பங்குக்கு ஒரு நடைமுறை வெளியிட்டது. முடிந்த இடங்களில் பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்கலாம் என்றது. ஆபத்தை அகற்ற முடியாவிட்டால் பெண்ணை அகற்று என்பதுதான் அதன் சாரம். பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று எப்படிச் சொல்வீர்கள், பாதுகாப்புக் கொடுப்பதுதான் உங்கள் வேலை என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இந்தியாவில் எந்த வார்டிலிருந்தாவது ஓர் இரவு பெண்களை எடுத்துவிட்டுப் பார்க்கட்டும்; காலையில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள்?

நோயாளியோடு வந்து கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் எலும்புமுறிவு சிகிச்சைக்கான தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்தபோது, ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் லிஃப்டுக்குள் சிக்கி இறந்தார்கள். தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பது எல்லாச் சுவரிலும் ஒட்டியிருக்கும் வாசகம்தான். கால் உடைந்தவரும் அவரைத் தாங்கிப் பிடித்து வந்தவரும் வேறெப்படி இறங்குவது என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் கோவிட் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியரில் 2,472 பேருக்கு 2022 டிசம்பர் 31உடன் பணி நீட்டிப்பு இல்லை என்றார்கள். அவசரத்துக்கு எடுத்தோம், அவசரம் முடிந்தது என்பதுதான் காரணம். நடைமுறைத் தாளை எழுதுகிறவர்களும் ‘அவசரம்’ என்பதை இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள் போலிருக்கிறது: எப்போதாவது வந்து போகும் விருந்தாளியாக. வெண்டிலேட்டர் வார்டில் எட்டு மாதம், பத்து மாதம் நின்று, எந்த நேரத்தில் எந்தக் கட்டிலுக்கு ஓட வேண்டும் என்று உடம்பால் கற்றவர்கள் அவர்கள். பணி முடிப்பு ஆணையிலும் அதே இலக்கணம்தான்: ‘விடுவிக்கப்படுகிறார்கள்.’