கிரேட்டர் ஏரியின் கோடுகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், இடிந்து உள்ளே சரிந்த எரிமலையின் வாயில் தேங்கி நிற்கிறது கிரேட்டர் ஏரி. 1902 முதல் அது தேசியப் பூங்கா. அதன் நிலவரைபடத்தை மேசையில் விரித்துவிட்டால் நேரம் போவதே தெரியாது.

கரையோரம் சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்புக் கறையாகவே ஆகிவிடுகின்றன. அங்கே செங்குத்துப் பாறை என்று பொருள். கோடுகள் விலகினால் மூச்சு வாங்காமல் நடக்கலாம். ஏரிக்குள் இருக்கும் விசார்ட் தீவின் உச்சியில் மட்டும் சின்ன வட்டம், அதன் உட்புறம் பல் பல்லாகக் குறுங்கோடுகள். மேடல்ல, பள்ளம் என்று சொல்லும் குறி அது; குட்டி எரிமலையின் வாய்.

தண்ணீருக்கடியில் உள்ளதை வரைந்த கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. 1886இல் கேப்டன் கிளாரன்ஸ் டட்டனின் குழு 'கிளீட்வுட்' என்ற படகை மலைமேல் இழுத்துச் சென்று, செங்குத்துச் சரிவில் ஏரிக்குள் இறக்கியது. பியானோ கம்பியில் ஈயக் குழாயைக் கட்டி 168 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். படகு எங்கே நிற்கிறது என்பதைக் கரையிலிருந்தவர்கள் கோணம் அளந்து குறித்தார்கள். கிடைத்த அதிகபட்ச ஆழம் 1,996 அடி.

2000இல், ஒலியலைகளால் ஆழம் அளக்கும் பல்கற்றை சோனார் சொன்னது 1,949 அடி. வித்தியாசம் வெறும் 47 அடி! ஆடும் படகில், கையில் கம்பியோடு. சோனார் படம் துல்லியமானதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு அந்தக் கம்பிக்கே.