‘வீ’ கண்ட வெற்றி: எது பாடம்?

ஆற்றல் குறைந்த கருவி, ஆற்றல் மிக்க கருவிகளை விற்பனையில் வெல்லுமா? வென்றதுண்டு. 2006 நவம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘வீ’ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 250 டாலர். அதே மாதம் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3-இன் விலையோ 500 முதல் 600 டாலர். சோனியும் மைக்ரோசாப்டும் படத் துல்லியத்திலும் கணிப்பு வேகத்திலும் போட்டியிட்டன. வீயின் படம் பழைய தரத்திலேயே நின்றது. ஆயினும் 10 கோடிக்கு மேல் விற்று, அவ்விரண்டையும் முந்தியது.

இவ்வெற்றியை ‘நிலைகுலைக்கும் புதுமை’க்குச் சான்றாகப் பலர் காட்டுகின்றனர். ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997-இல் நூலாக விளக்கிய கருத்து இது. எளிய, மலிவான பொருள் ஒன்று, பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத மக்களிடம் முதலில் இடம்பிடிக்கும். பின்னர் தரம் உயர்ந்து, அந்நிறுவனங்களின் வாடிக்கையாளரையே கவர்ந்துகொள்ளும் என்பது அதன் சாரம்.

முதற்படியில் வீ ஏறியது உண்மையே. அதன் கைக்கோலினுள் முடுக்கமானி ஒன்று இருந்தது. நுண்ணிய சிலிக்கான் நிறை ஒன்று வில்களில் தொங்கும். கோல் அசைந்தால் அந்நிறை விலகும். அவ்விலகலை மின்சுற்று அளக்கும். கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். பொத்தான்களைக் கண்டு தயங்கிய முதியோரும் ஆடினர்.

ஆனால் இயற்பியல் இங்கே ஓர் எல்லை வகுக்கிறது. புவியீர்ப்பால் தோன்றும் சாய்வுக் குறியையும் அசைவின் முடுக்கத்தையும் முடுக்கமானி தனியாகப் பிரித்தறியாது. ஆகவே நாற்காலியில் அமர்ந்து மணிக்கட்டைச் சுண்டினாலே பந்து பறந்தது! சுழற்சியை அளக்கும் கைராஸ்கோப், கோலில் செருகும் தனி உறுப்பாக 2009-இல்தான் வந்தது. 2010-இல் போட்டி நிறுவனங்களும் அசைவறியும் கருவிகளைக் கொணர்ந்தன.

இரண்டாம் படி என்னவாயிற்று? உயர்தரப் படத்தோடு 2012-இல் வந்த ‘வீ யு’ சுமார் 1.36 கோடியே விற்றது. சோனியும் மைக்ரோசாப்டும் களத்தைவிட்டு அகலவில்லை. அவர்களது வாடிக்கையாளரும் பெருமளவில் இடம்பெயரவில்லை.

மாணவர்களே, நிகழ்ந்தபின் பெயர் சூட்டுவது விதியாகாது. எது நிகழும், எது நிகழாது என்று முன்கூட்டிச் சொல்லிச் சோதனைக்கு நிற்பதே விதி. வீ புதிய ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்தது; பழைய வேந்தர்களை வீழ்த்தவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்பவர், ‘மலிவானது வெல்லும்’ என்ற தவறான பாடத்தையே படிப்பார். அப்பாடம் உண்மையாயின், வீயைப் படைத்த நிறுவனமே ஆறாண்டுகளில் சறுக்கியிருக்குமா?