கேஷும் காசும்: ஒரே ஸ்பெல்லிங், ரெண்டு சொல்

"ஆங்கிலத்தின் கேஷ் நம்ம காசுல இருந்துதான் வந்தது." வாட்ஸப்பில் மாசம் ஒரு தடவையாவது இது வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு தமிழ்ச் சங்க விழாவில் இதையே மைக்கில் சொல்லி கைதட்டல் வாங்கியவன் நான். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து கேட்டார்: "அது சரி தம்பி, அப்போ கேஷ்னா ஆரம்பத்துல பெட்டின்னு ஏன் அர்த்தம் இருந்துச்சு?" பதில் தெரியவில்லை. அப்புறம்தான் அகராதியைப் புரட்டினேன்.

பெரியவர் சொன்னது சரி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேஷ் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அதுதான் இத்தாலியனில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்' என்று ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. பெட்டியின் பெயர் போகப்போக உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவிட்டது. இது நமக்குப் புதுசா என்ன? கல்லா என்பது கடையில் பணம் போடும் பெட்டி. "இன்னைக்கு கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் பெட்டியின் விலையைச் சொல்வதில்லை. கேஷியர், மருந்துக் கடை கேப்ஸ்யூல் எல்லாம் அதே காப்ஸா குடும்பம்தான். கேப்ஸ்யூல் என்றால் குட்டிப் பெட்டி.

அப்போ காசுக்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, அதுதான் சுவாரசியம். பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் என்ற தலைப்பு ரெண்டு தடவை வரும். ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்: சி, ஏ, எஸ், எச். இரண்டாவது கேஷ் என்றால் மதிப்புக் குறைந்த சில்லறை நாணயம். அது நம்ம காசுதான். போர்ச்சுகீசியர் அதை 'காய்ஷா' ஆக்க, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். போர்ச்சுகீசிய மொழியில் பெட்டிக்கும் காய்ஷா என்றுதான் பெயர்! ஆக, குழப்பம் ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகின விஷயம். ரெண்டு ஃபைலில் ஒரே பெயரில் ரெண்டு வேரியபிள் இருக்கும். பெயரை மட்டும் பார்த்து ரெண்டும் ஒண்ணு என்று முடிவு கட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். எங்கே டிஃபைன் ஆகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உச்சரிப்பு ஒன்றாக இருக்கிறதே என்பார்கள். ஆபீஸில் நான் தினமும் "கேஷை கிளியர் பண்ணு" என்கிறேன். பிராசஸரிலும் பிரௌசரிலும் இருக்கிற அந்தக் கேஷ், 'ஒளித்துவை' என்று பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல்லில் இருந்து வந்தது. ஸ்பெல்லிங் வேறு, ஒலி மட்டும் அதே. ஆக ஒரே ஒலியில் மூன்று சொற்கள். ஒலி ஒற்றுமை தேட வேண்டிய இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். அது ஆதாரம் ஆகாது.

நம்ம காசின் நிஜக் கதை எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். கம்பெனிக்காரர்கள் கணக்கு எழுதியது இப்படித்தான். 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இந்தக் கேஷுக்குத் தனிப் பதிவே உண்டு. இன்னொன்று: நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் கேஷ் என்றுதான் பெயர். சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்! ஃபார்வர்டில் இதை யாரும் சொல்வதில்லை. பக்கத்துச் சொல்லுக்கு உரிமை கொண்டாடுவதில் சொந்தச் சொல்லை விட்டுவிட்டோம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கட்டுமரம் கேட்டமரான் ஆனதும், சுருட்டு செரூட் ஆனதும், மிளகுத்தண்ணீர் முல்லிகடானி ஆனதும் அகராதிகள் ஒப்புக்கொண்ட விஷயங்கள். அந்தப் பட்டியலில் தப்பான ஒன்றைச் சேர்த்தால், படிக்கிறவர் மற்றதையும் சந்தேகப்படுவார். அந்தப் பெரியவர் என்னை மேடையிலேயே நிறுத்திக் கேட்டிருக்கலாம். தனியாக வந்து கேட்டார். அன்றைக்குச் சொல்லாத பதில் இது.

அடுத்தது அரிசியும் ரைஸும். அது இதைவிடச் சிக்கல், தனியாக எழுதுகிறேன்.