கணினி ஓவியத்தை ரசிக்கக் கோலம் தெரிந்தால் போதும்

‘ஊடுபுள்ளி, 15 புள்ளி, 8-இல் நிறுத்தவும்.’ மார்கழி பிறந்ததும் வார இதழ்களில் கோலத்தின் கீழே இப்படி ஒரு வரி அச்சாகும். சிறுசேரி சிப்காட்டில் நிரல் எழுதும் யாரிடமாவது அதைக் காட்டிப் பாருங்கள். நடு வரிசையில் 15, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்று குறை, 8 வந்ததும் நில் என்று உடனே படித்துவிடுவார். நேர்ப்புள்ளி என்றால் வரிசைக்கு இரண்டு குறையும். மாவைத் தொடுவதற்கு முன்பே கோலம் கட்டளையாக எழுதப்பட்டுவிடுகிறது.

கணினியில் படம் போடத் தொடங்கிய ஓவியர்களின் ஆரம்பகாலப் படைப்புகளைப் பார்க்கிறவர்கள் சட்டென்று ஏமாந்துபோவதுண்டு. கறுப்புக் கோடுகள், வரிசை வரிசையாகச் சதுரங்கள், கட்டம் கட்டமாகத் தெரியும் முகங்கள். ‘இதைவிட என் கைபேசியே நன்றாகச் செய்யுமே’ என்று தோன்றும். மெருகைத் தேடினால் அப்படித்தான் தோன்றும். அந்தப் படங்களில் தேட வேண்டியது விதியை: ஓவியர் எதைக் கட்டளையாக எழுதினார், எதை எழுதாமல் விட்டார், அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன பிறந்தது என்பதை. கோலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தாம்பரத்தில் ஒரு தொடக்கம்

சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போனால் தாம்பரம். அங்கே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியராக இருந்தார். ராணியின் மாணவி கமலா கிருத்திவாசன் பின்னாளில் சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் பேராசிரியரானார். ‘அணி இலக்கணங்களும் கோலமும்’ என்ற பொருளில் இந்த மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1974-இல் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது.

ஒரு மொழியின் வாக்கியங்களைச் சில இலக்கண விதிகளிலிருந்து உண்டாக்க முடியும் என்றால், ஒரு கோலக் குடும்பத்தின் எல்லா அளவுகளையும் அதே போல் உண்டாக்க முடியாதா? அவர்கள் எழுப்பிய கேள்வி இதுதான். முடியும் என்று காட்டினார்கள். கிஃப்ட் சிரோமணி வெறும் எண்காரர் அல்ல. மாமல்லபுரச் சிற்பங்களின் உடைகளையும் அணிகலன்களையும் ஆராய்ந்தவர், பல்லவச் சிற்பங்களின் உடல் அளவுகளை எடுத்துக் கணக்கிட்டவர், தமிழ் எழுத்துகளைக் கணினிக்கு அடையாளம் காட்ட முயன்றவர். கணக்கும் கலையும் அவரிடம் ஒரே மேசையில் இருந்தன.

அந்த மேசையிலிருந்து பார்க்கும் பார்வைக்கு ஐந்து படிகள் சொல்லலாம்.

1. இழையைத் தொடருங்கள்

சிக்குக் கோலத்தின் முன் நின்றால் முழு வடிவத்தையும் ஒரே பார்வையில் விழுங்கப் பார்க்காதீர்கள். ஓர் இடத்தில் கண்ணை வைத்து இழையின் பின்னாலேயே போங்கள். எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்தால் அது ஒற்றை இழை. பாதியிலேயே மூடிக்கொண்டால் வேறு இழையும் உண்டு. எத்தனை என்று எண்ணுங்கள்.

போடுகிறவரின் கை என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். சிரோமணி தம்பதியர் பின்னாளில், கம்பிக் கோலம் என்றும் சொல்லப்படும் இந்த வகையை இப்படித்தான் பிரித்தார்கள்: நேர் நகர்வு ஒன்று, வலப்பக்கத் திருப்பம் மூன்று வகை, இடப்பக்கத் திருப்பம் மூன்று வகை. இந்த 7 அசைவுகளின் வரிசையாக ஒரு கோலத்தை எழுதிவிடலாம். ஆரம்பகாலக் கணினிகளோடு இணைந்த, கோடு வரையும் இயந்திரத்தின் பேனாவும் இப்படித்தான் ஓடியது. 1960களில் கணினி ஓவியர்களில் பலரிடம் படம் காட்டும் திரையே கிடையாது. நிரல் எழுதி, அட்டையில் துளையிட்டுக் கொடுத்து, பேனா தாளில் ஓடி முடித்த பிறகுதான் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். கோலம் போடுகிறவருக்கும் மாவு விழுந்த பிறகுதான் தெரியும்.

2. அடுத்த அளவைக் கற்பனை செய்யுங்கள்

நல்ல விதிக்கு ஓர் அடையாளம் உண்டு. சின்னக் கோலத்தைப் பார்த்தாலே அதன் பெரிய அளவு மனத்தில் விரியும்.

செடிகொடிகளின் வளர்ச்சியை விளக்க உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் ஓர் எழுத்து விளையாட்டைக் கண்டுபிடித்தார். ஓர் எழுத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஓர் எழுத்துத் தொடரை வை. வந்த தொடரில் மறுபடியும் அதையே செய். கனடாவில் பணிபுரிந்த பிரெமிஸ்லா புருசின்கியேவிச் 1980களில் இதைக் கணினிப் படமாக்கினார். அப்போது அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் நம்முடைய பாம்புக் கோலமும் கண்ணன் கொலுசுக் கோலமும் இருந்தன. 1989-இல் கமலா கிருத்திவாசன் உள்ளிட்டோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை கோலத்தோடு கர்நாடக இசையையும் இதே முறைக்குள் கொண்டுவந்தது.

கொலுசுக் கோலத்தின் விதி மிகச் சிறியது. ‘க’ என்ற எழுத்து வரும் இடமெல்லாம் ‘க, நகர், க, வலம் திரும்பு, க, நகர், க’ என்று மாற்ற வேண்டும். ‘க, வலம் திரும்பு, க’ என்று தொடங்குங்கள். படிக்குப் படி ‘க’-வின் எண்ணிக்கை 2-இலிருந்து 8, 32, 128 என்று பெருகும். ‘க’ எதையும் வரையாது. ‘நகர்’ மட்டும் கோடு போடும். கட்டத்தாளில் இரண்டாம் படியைப் போட்டுப் பாருங்கள். 20 நகர்வில் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்ளும். மூலைகளை வளைத்துவிட்டால் கோலம்.

3. ஒழுங்கு குலையும் இடத்தில் நில்லுங்கள்

ஜெர்மானியர் கேயார்க் நீஸ் 1968-இல் செய்த ‘ஷாட்டர்’ படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். குறுக்கே 12, நெடுக்கே 22 சதுரங்கள். மேல் வரிசையில் எல்லாம் அடக்கமாக நிற்கின்றன. கீழே வர வர ஒவ்வொன்றும் சாய்கிறது, விலகுகிறது, கடைசியில் கொட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு சதுரமும் எவ்வளவு சாய வேண்டும் என்பதை நீஸ் முடிவு செய்யவில்லை. அதைத் தற்செயலிடம் விட்டார். கீழே போகப் போக எவ்வளவு தூரம் தறிகெடலாம் என்ற எல்லையை மட்டும் வகுத்தார். எந்த வரிசையில் உங்களுக்கு முதலில் மனம் பதறுகிறது என்று பாருங்கள். அந்தப் பதற்றமும் அவர் கணக்கில் இருந்ததுதான்.

ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் கணினி கிடைப்பதற்கு முன்பே, 1959 முதல், கற்பனையில் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அது இட்ட விதிப்படி கையால் வரைந்தார். 1968-இல்தான் நிஜக் கணினி கிடைத்தது. சதுரத்துக்குள் சதுரம் வைத்து, அதில் துளி ஒழுங்கின்மையைச் சேர்ப்பது அவர் வழக்கம். அந்தத் துளி எவ்வளவு என்பதில்தான் அவர் ஓவியர். 2023-இல், 99 வயதில் மறையும்வரை வேலை செய்தார்.

4. யார் வரைந்தது என்று கேட்காமல் பாருங்கள்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் நால் 1964-இல் ஒரு குறும்பு செய்தார். ஓவியர் மோந்திரியான் 1917-இல் வரைந்த கோட்டு ஓவியம் ஒன்றின் சாயலில் கணினியைக்கொண்டு ஒரு படம் செய்து, இரண்டையும் 100 பேரிடம் காட்டினார். எது கணினியுடையது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர். எது அதிகம் பிடிக்கிறது என்று கேட்டதற்கு 59 பேர் கணினிப் படத்தைக் காட்டினார்கள்.

மனிதக் கை தோற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. கோடுகள் எங்கே நெருங்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்ற எல்லைகளை வகுத்ததும் ஒரு மனிதர்தான். ஆகவே பெயர்ப் பலகையைப் படிப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். பிடித்திருக்கிறதா, ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு பலகைக்குப் போங்கள்.

5. கணினி எலியால் வரைந்த படத்துக்கு வேறு கண் வேண்டும்

இதுவரை சொன்னவை கட்டளை எழுதி வரைந்தவை. 1984-இல் மெக்கின்டாஷ் கணினியும் 1985-இல் அமிகா கணினியும் வந்த பிறகு திரையில் நேராகவே வரைவது எளிதானது. 1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கில் அமிகாவின் அறிமுக விழா மேடையில் ஓவியர் ஆண்டி வார்ஹோல், பாடகி டெபி ஹேரியின் முகத்துக்கு எலியைக்கொண்டு நிறமடித்தார். அவர் அந்தக் கணினியில் செய்துபார்த்த வேறு படங்கள் பழைய ஃபிளாப்பி தட்டுகளிலேயே கிடந்து, 2014-இல்தான் மீட்கப்பட்டன. அவற்றில் ஒன்றில், ஓவியர் பொட்டிச்செல்லியின் வீனஸ் முகத்தில் மூன்றாவது கண்ணை ஒட்டியிருக்கிறார். கோடு தடுமாறுகிறது, நிறம் கட்டங்களாகப் பிதுங்குகிறது. தூரிகையில் தேர்ந்த ஒருவர் புதுக் கருவியின் முன் கற்றுக்குட்டியாக உட்கார்ந்திருப்பதை அந்தத் தடுமாற்றத்தில் பார்க்கலாம். அதை மறைக்க அவர் முயலவில்லை. ரசிக்க வேண்டியதும் அந்தத் துணிச்சலைத்தான்.

தமிழில் கணினியைத் தூரிகையாக ஏற்றுக்கொண்ட முன்னோடி டிராட்ஸ்கி மருது. மதுரையில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவருடைய தாள் ஓவியத்தையும் கணினி ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோட்டின் வேகம் எதில் மிஞ்சுகிறது, எதில் அடங்குகிறது என்று ஒப்பிட்டால் கருவி கையை என்ன செய்கிறது என்பது விளங்கும்.

எங்கே தொடங்கலாம்?

சனிக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் சென்னை ஓவியர்களின் கோட்டைப் பழகுங்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் கணிதக் குறிகளே படமாவதை அச்சிலாவது தேடிப் பாருங்கள். திரும்பும்போது நாவலூர், படூர் தெருக்களில் வாசல்களைப் பார்த்தபடி நடங்கள். கோலம் போட்ட அக்காவிடம் எத்தனை புள்ளி, எத்தனை இழை என்று கேளுங்கள். பைத்தான் தெரிந்தவர்கள் அதிலுள்ள ஆமை வரைகலையைத் திறந்து அதே கோலத்தைப் போடப் பாருங்கள். பிசகும் இடத்தில்தான் அந்த அக்காவின் கைக்கு எவ்வளவு கணக்குத் தெரியும் என்பது புரியும். அதைப் படமெடுத்துப் பகிர்ந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

கணினி ஓவியத்தின் கதையைச் சொல்லுகிறவர்கள் 1965-இல் நடந்த ஸ்டுட்கார்ட், நியூயார்க் கண்காட்சிகளிலிருந்து தொடங்குவது வழக்கம். அது சரியான தொடக்கம்தான். ஆனால் அந்தக் கதையில் தாம்பரம், 1974 என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுதிச் சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.